அப்பாவின் மிளகுக் காட்டுக்கு ஒரு போர்டு

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியின் பின்பக்கம் ஒரு போர்டுக்கு வாசகம் எழுதியது.

அப்பா பெயர் அப்பாசாமி. ஐந்தாவது வரை படித்தவர். வாசலூர்பட்டி ஏரியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எங்கள் மிளகுக் காடு. படகில் போக வருகிறவர்கள் போட்டோ எடுக்க உள்ளே நுழைந்துவிடுவார்கள். போன ஆடியில் நட்ட கொடிகளில் நாற்பது மிதிபட்டுப் போயின. மீதியையாவது காப்பாற்ற வேண்டும். தமிழில் வைத்த போர்டை வெளியூர்க்காரர்கள் படிக்கவில்லை.

நான் பெங்களூரில் சாப்ட்வேர் டெஸ்டர். லீவில் வந்திருந்தேன். அத்துமீறி நுழைந்தால் வழக்கு என்பதை ஆங்கிலத்தில் எழுதி, பொருள் சொன்னேன்.

"தண்ணி கேட்டு ஊட்டுக்கு வர்றவங்க மேல கேசா? வேற சொல்லு கண்ணு."

'இன்ட்ரூட்' என்று எழுதினேன். கூப்பிடாத இடத்துக்குள் போவது. அடுத்தவர் பேச்சுக்கு நடுவில் புகுவதற்கும் அதைச் சொல்லலாம் என்றேன். அப்பா அந்தச் சொல்லை ஒவ்வொன்றுக்கும் போட்டுப் பார்த்தார்.

"நம்ம ஆடு பக்கத்துல மேகலா காட்டுல பூந்து மேயுதே?"

"ஆட்டுக்கெல்லாம் சொல்ல மாட்டாங்கப்பா."

"நான் போன் பேசறப்ப உங்கம்மா குறுக்க பேசறாளே?"

"அதுக்குச் சொல்லலாம்."

"முப்பது வருசமா அதத்தான் பண்றேன். இன்னைக்குத்தான் பேரு வெச்சிருக்காங்க," என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

"மிளகுக் கொடி சில்வர் ஓக் மேல ஏறுதே? மரமா கூப்புட்டுச்சு?"

ஆபீசில் நான் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட் கேஸ்களில் அது இல்லை.

கடைசியில் வாசகத்தை அவரே முடிவு செய்தார். தயவுசெய்து இன்ட்ரூட் பண்ணாதீங்க. கூப்புடுங்க, நாங்களே கூட்டிட்டுப் போயி காட்டறோம். கீழே அவருடைய போன் நம்பர். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அதன் பிறகு போன் செய்யும்போதெல்லாம் முதல் கேள்வி அதுதான். "இன்ட்ரூட் பண்றனா சாமி?" இல்லை என்பேன். சிரித்துவிட்டு மழை, கொடி, அம்மாவின் முழங்கால் என்று ஆரம்பிப்பார். ஒரே ஒரு முறை, "ஆமாப்பா, மீட்டிங்" என்றேன். "சரி சரி, அப்புறம் கூப்புடறேன்," என்று வைத்துவிட்டார்.

அது செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை கொடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். மாரடைப்பு.

பத்தாம் நாள் அவர் போன் அடித்தது. முள்ளுக்குறிச்சியில் போர்டு எழுதும் ராஜதுரை.

"அண்ணன் இல்லீங்களா? எந்தக் கலருன்னு பெங்களூருல இருக்கற பாப்பாவக் கேட்டுச் சொல்றேன்னாருங்க, செவ்வாக்கெழம. அப்புறம் சத்தமே இல்ல. நானே பச்சையில எழுதிட்டேன். காஞ்சிருச்சு, வந்து எடுத்துக்கச் சொல்லுங்க."

சொன்னேன். அப்பா போய்ப் பத்து நாள் ஆகிறது என்று.

நேற்றும் இரண்டு கொடி மிதிபட்டிருந்தது. அப்பா எடுத்து வர வேண்டிய போர்டு இன்னும் முள்ளுக்குறிச்சியிலேயே இருக்கிறது. அவர் போனுக்குத் தினமும் சார்ஜ் போடுகிறேன்.