சூடு ஆறாத உரக்குவியல்

வீட்டுக்கு முன்னால் நின்ற அயினிப்பலா மரத்தை ரோட்டை அகலமாக்க வந்தவர்கள் வெட்டிவிட்டார்கள். என் மனைவி நட்ட மரம். அவள் போய்ச்சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது, இப்போது அதுவும் இல்லை. பழக்காலம் என்பதால் தரையெல்லாம் பழம் சிதறிக் கிடந்தது. அந்த மரத்திலிருந்து ஒரே ஒரு கன்று கிடைத்தால் போதும் என்று விதைகளைப் பொறுக்கினேன்.

நான் நெல் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. விதை என்றால் காய வேண்டும், கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். சாக்கில் பரப்பி, காக்கை விரட்டி, கலகலவென்று காயவைத்துக் குழித்துறைக்குக் கொண்டுபோனேன். நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் பெண் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது என்ன நெல்லா? அயினி வெதை காஞ்சா செத்துப்போவும்."

என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. அவ்வளவும் பாழ். நல்லவேளை, மதிலுக்கு அந்தப்பக்கம் விழுந்த ஒரு பழத்தைப் பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து தந்தாள். நாற்றுப்பண்ணைக்காரி சொன்னபடி அந்த விதைகளை ஈரமான தேங்காய் நார்க்கழிவில் வைத்தேன். அப்படி வைத்தாலும் அதிக நாள் தாங்காதாம்.

"மக்கின உரத்துல நுண்ணுயிர் கலந்து போடுங்க. வெதை அழுகாது, முளைப்பும் நல்லாயிருக்கும். ஆனா உரம் ஆறணும், சூட்டுல போட்டா அதுகளும் செத்துப்போவும்" என்று அவளே நுண்ணுயிர்ப் பொடிப் பொட்டலம் ஒன்றையும் தந்தாள்.

உரத்துக்கா பஞ்சம்? வீட்டுக்குப் பின்னால் ஒரு குவியல் இருந்தது. மாசியில் அதே மரத்தின் கிளைகளைக் கழித்தபோது விழுந்த தழையையும் சாணத்தையும் போட்டு ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் அதற்குள் கையை விடுவேன். யாரோ இப்போதுதான் எழுந்து போன படுக்கை மாதிரி இருக்கும். சூடு குறைந்தால் பச்சைத் தழையும் சாணமும் போட்டுக் கிளறுவேன். மறுபடி ஏறிவிடும்.

மறுவாரம் நாற்றுப்பண்ணைக்காரியிடம் போனில் சொன்னேன், இன்னும் ஆறவில்லை என்று.

"பச்சை எதாவது போட்டுட்டே இருக்கியளா?"

"ஆமா."

"என்னத்துக்கு?"

"சும்மாதான்" என்றேன். வேறென்ன சொல்ல? அந்த வீட்டில் கை வைத்தால் சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

நார்க்கழிவில் விதைகள் ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டிருந்தன. தழை போடுவதை நிறுத்தினேன். காலையில் பின்பக்கம் போகவே பிடிக்கவில்லை. ஒருநாள் கையை விட்டபோது உரம் குளிர்ந்து, வெறும் மண்ணாக இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். பிறகு அடி உரத்தை அள்ளி, நுண்ணுயிர்ப் பொடியைக் கலந்து, நிழலில் ஈரச்சாக்குப் போட்டு மூடினேன். சில நாள் கழித்துப் பைகளில் நிரப்பி, மிஞ்சிய விதைகளை ஊன்றினேன்.

ஒன்று முளைத்தது. துபாயில் இருக்கும் மகளைக் கூப்பிட்டேன்.

"முளைச்சாச்சு மக்களே."

"எதுப்பா?"

"அம்மைக்க மரம்."

வீடியோவில் காட்டச் சொன்னாள். பையின் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பிடித்தேன்.

"அப்பா, கைய எடுங்க. செடி மறையுது."

அப்போதுதான் பார்த்தேன். என் இன்னொரு கை அந்த மண்ணின் மேல் இருந்தது.