மாணிக்கத்தின் இரண்டு விரல்கள்

மாணிக்கம் கியரை உடைக்கவில்லை. உடைத்ததாக எழுதி, அவரை மலை வண்டியிலிருந்து இறக்கியது அநியாயம். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

போன செவ்வாய்க்கிழமை பிம்ப்ரி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது அவர் மகள் போன் செய்தாள். "மாமா, அப்பா போய்ட்டாரு." ஏரவாடாவில் அவர் வீட்டு வாசலுக்குப் போனால், எங்கள் பழைய பணிமனை ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், "யாருன்னு தெரியலையா? நம்ம கியர்தோட் மாணிக்கம்" என்கிறார். கியர் உடைத்தவன் என்று இந்தியில் வைத்த பெயர். பாடையில் கிடக்கும்போதும் அதுதான் அடையாளம்.

அவரோடு ஓடியவர்களுக்கு உண்மை தெரியும். முள்ஷிப் பக்கம் மலைவேலைக்கு இயந்திரம் ஏற்றிப்போகும் லாரிகளைப் பழுது பார்க்கும் மிஸ்திரி நான், அவர் டிரைவர். சேறு தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, முன்சக்கரத்தை நேராக்கி, கிளட்சை மிதித்து, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கவைக்கும் ஃபோர் வீல் லீவரை இரண்டே விரலால் தள்ளுவார். பக்கத்தில் தூங்குகிறவன் விழிக்கமாட்டான். "மாட்டிக்கினப்புறம் போட்டா அது ஃபோர் வீல் இல்ல, ஒப்பாரி" என்பார்.

போடுவதைவிட எடுப்பது கடினம். திருப்பத்தில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடும். சேற்றில் சக்கரம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் வழுக்காது. உள்ளே கியரின் பல்லோடு பல் இறுகி, லீவர் அசையாது. மாணிக்கம் வண்டியை ரிவர்ஸில் நேராகப் பத்தடி எடுப்பார். இறுக்கம் விட்டுவிடும். ஒருமுறை பவுட் ரோட்டில் அப்படிப் பின்னால் வந்தபோது, ஹாரன் அடித்து ஓய்ந்த மராட்டி பஸ் டிரைவர், ஊருக்கே திரும்பிப் போகிறாயா என்று கத்தினார். மாணிக்கம் தலையை நீட்டி, "பத்தடிதான் தாதா, அப்பால ரோடே உன்னுது" என்று, அண்ணன் என்னும் அந்த 'தாதா' தவிர மற்றதைத் தமிழிலேயே சொன்னார். என்ன புரிந்ததோ, அந்த ஆள் சிரித்துவிட்டார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். மலையிலிருந்து இறங்கும்போது சூப்பர்வைசர் தானே ஓட்டுவதாகச் சொல்லி ஸ்டியரிங்கை வாங்கினார். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். தார் ரோடு வந்ததும் மாணிக்கம், "சார், ஃபோர் வீல் எடுத்துடலாம்" என்றார். "மாலும் ஹை", எனக்குத் தெரியும், என்றார் அவர். நாலு திருப்பம் கழித்து லீவரை இழுத்தார், வரவில்லை. "பத்தடி ரிவர்ஸ் எடுங்க சார்." எடுக்கவில்லை. பூட்ஸ் காலால் மூன்று உதை. லீவர் வளைந்தது. உள்ளே பல் நொறுங்கிய சத்தத்தை நான் கேட்டேன்.

புறப்படும்போது லாக் புத்தகத்தில் எழுதிய டிரைவர் பெயரை, வழியில் யார் ஓட்டினாலும் மாற்றுவதில்லை. எங்கள் பணிமனை வழக்கம் அது. ஐந்தாவதோடு நின்ற நான், கடைப் பலகைகளைப் பார்த்துக் கற்ற இந்தியில் நடந்ததை எழுதி, கழற்றி எடுத்த வளைந்த லீவரோடு ஆபீசில் போய் நின்றேன். "புத்தகத்தில் யார் பெயர்?" என்று மட்டும் கேட்டார்கள். மாணிக்கம் உடைத்ததாகவே எழுதி, அவரை மலை வண்டியிலிருந்து இறக்கினார்கள்.

மாணிக்கம் என்னைத் தடுத்தார். "வுடுபா. ஸ்டியரிங்க குடுத்தது நான்தான?" கொடுத்தது அவர் தப்பு. உடைத்தது அவர் இல்லை. இரண்டையும் ஒன்றாக்க நான் அன்றும் விடவில்லை, இன்றும் விடமாட்டேன். ஓய்வு பெறும்வரை தண்ணீர் லாரி ஓட்டினார். அதிலும் இரண்டே விரல்தான்.

இனி ஆகவேண்டியது இது. ஔந்தில் ஓய்வாக இருக்கும் அந்த சூப்பர்வைசர், ஏரவாடா வீட்டுக்கு வந்து, மாணிக்கத்தின் மனைவி முன்னால் நடந்ததைத் தன் வாயால் சொல்லவேண்டும். ஆபீஸ்காரர்கள் பழைய புத்தகத்தில் அந்த வரிக்குக் கீழே உண்மையை எழுதவேண்டும். அவரோடு வேலை பார்த்த நீங்கள் அந்தப் பட்டப்பெயரை இன்றோடு விடவேண்டும். இவை நடந்த அன்று அந்த வளைந்த லீவரை அவர் மகளிடம் நான் ஒப்படைப்பேன். அதுவரை அது என் வீட்டு அலமாரியில் இருக்கும். நான் மிஸ்திரி, சூடுகாட்டித் தட்டினால் அரைமணியில் நேராக்கிவிடுவேன். நேராக்கமாட்டேன்.