பட்டியலில் ஏமெலி

ரெய்யோ ஹூட்டினென் ஔலு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருபத்தாறு வருடமாக வாயிற்காப்பாளர். பெயர்தான் அப்படி. வாசலில் நின்று அவர் எதையும் காத்ததில்லை. சாவிக்கொத்து, தபால் வண்டி, எரியாத விளக்கு, உள்ளே பூட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாத ஆராய்ச்சி மாணவர்கள், இவைதான் அவர் பாடு. பார்சலைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறுவார். பேராசிரியர் அறை பூட்டிக் கிடக்கும். அந்த வீண் அலைச்சலைப் பார்க்கச் சகிக்காமல் கணினிப் பிரிவு தூயிரே அவருக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தாள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு சின்னக் கட்டளையைத் தட்டினால் போதும். பல்கலைக்கழகத்தின் பொதுக் கணினிக்குள் யார் யார் நுழைந்திருக்கிறார்கள், எத்தனை மணிக்கு, எந்த அறையிலிருந்து என்று வரிசையாக வந்து நிற்கும். பேராசிரியர் பெயர் இருந்தால் ஏறலாம். இல்லையென்றால் உட்கார்ந்து காபி குடிக்கலாம்.

அதே பட்டியலில் மகனையும் பார்க்கலாம் என்று ரெய்யோ தானாகக் கண்டுகொண்டார்.

ஏமெலி அங்கேதான் இயற்பியல் படித்தான். அப்பாவும் மகனும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. தப்பு ரெய்யோ மேல்தான். அவரே அதை மறுத்ததில்லை. மனைவி ஐலாவுக்குப் புற்றுநோய் முற்றியபோது, பரீட்சை முடியட்டும் என்று மகனிடம் சொல்லாமல் இருந்துவிட்டார். பரீட்சை முடிந்தது. அதற்கு முதல் நாளே ஐலாவும் முடிந்துபோயிருந்தாள். ஏமெலி கத்தவில்லை. "இனிமே என்னைத் தேடி வராதீங்க" என்று மட்டும் சொன்னான். சொன்னபடி இவரும் போகவில்லை. மகன் புழங்கும் அந்த நடைக்கூடத்து வேலையைக்கூட இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். ஒரு மனிதனுக்கு இவ்வளவு சொல்பேச்சுக் கேட்கும் குணம் ஆகாது.

ஆனால் பட்டியலைப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. தினமும் காலையில் சங்க அறையிலிருந்து ஏமெலியின் பெயர் வரும். இயற்பியல் மாணவர்கள் கூடி அரட்டை அடிக்கிற அறை அது. எட்டு இருபதுக்கு வந்தால், "பரவாயில்ல, சீக்கிரம் எந்திரிச்சிட்டான்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். மாணவர்கள் விடிய விடியக் குடித்து ஆடும் மே தினக் கூத்துக்கு மறுநாள் மதியம்வரை காணவில்லை என்றால், "குடிச்சிருக்கான் கழுதை" என்று சிரித்துக்கொள்வார். பிப்ரவரியில் நாலு நாள் பெயரே இல்லை. காய்ச்சலோ என்னவோ என்று இவருக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் பெயர் வந்ததும் சிற்றுண்டிச் சாலையில் இரண்டு பன் வாங்கித் தின்றார்.

மே மாதம் ஒரு புதன்கிழமை, அந்த நடைக்கூடத்தைப் பார்ப்பவர் விடுப்பில் இருந்ததால், தூயிரேயிடமிருந்து ஒரு தாள் இவருக்கு வந்தது. சங்க அறையில் பழைய லினக்ஸ் மடிக்கணினி ஒன்று ரொம்ப நாளாகப் புதுப்பிக்கப்படாமல் பல்கலைக்கழக வலையமைப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அதைக் கழற்றச் சொல்லவும். பதிவு செய்தவர்: ஏமெலி ஹூட்டினென்.

ரெய்யோ அந்தத் தாளை மூன்று முறை படித்தார். இது உத்தியோகம். தேடிப் போவதில் சேராது. கண்ணாடி பார்த்துத் தலை சீவினார். ஏலக்காய் பன் ஆறு வாங்கினார். ஒன்றை மட்டும் வாங்கினால் அவனுக்கென்று தெரிந்துவிடுமே. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தார். முதலில் கணினி விஷயம். அப்புறம், "நான் செஞ்சது தப்புடா." அவ்வளவுதான்.

சங்க அறையில் ஈதா என்ற மாணவி மட்டும் சோபாவில் கால் நீட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏமெலி இல்லையாம்மா?"

"ஏமெலியா? அவன் போன செப்டம்பர்லயே படிப்பை விட்டுட்டுப் போயிட்டானே."

"இன்னைக்குக் காலையில எட்டு முப்பத்தஞ்சுக்கு இங்கதான் இருந்தான்" என்றார் ரெய்யோ. "பட்டியல்ல பாத்தேன்."

ஈதா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு காபி இயந்திரத்தைக் காட்டினாள். அதன் பக்கத்தில், கையகல மடிக்கணினி ஒன்று கேமராவைக் காபிக் குடுவை பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அதுவா இருக்கும். அவன் பண்ணி வெச்சிட்டுப் போனது. குடுவையில காபி இருக்கா இல்லையான்னு வகுப்புல இருந்தே பாக்கலாம். பேட்டரி செத்துப்போச்சு, ரெண்டுக்கும் ஒரே சுவிட்சு, அதனால காபி மிஷினைப் போட்டாத்தான் இதுவும் எந்திரிக்கும். எந்திரிச்சதும் அவன் பேர்ல பொதுக் கணினிக்குள்ள போயிடும். இன்னைக்கு எட்டு முப்பத்தஞ்சுக்குக் காபி போட்டது நான்தான்."

"பிப்ரவரியில நாலு நாளு..."

"மிஷின் ரிப்பேர். செத்தோம் போங்க."

ரெய்யோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எட்டு மாதமாக அவர் மகனுடைய தூக்கம், காய்ச்சல், குடி என்று நெஞ்சில் வைத்துக் கொஞ்சியதெல்லாம் யார் யாரோ காபி போட்ட நேரம். இரும்புத் துண்டு ஒன்று காய்ச்சலில் படுத்தது என்று இவர் பட்டினி கிடந்திருக்கிறார்.

"எந்த ஊருக்குப் போனான்?"

"நார்வே." ஈதா காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நீங்க யாரு அவனுக்கு?"

"அப்பா."

அவள் முகம் சுருங்கிப் போனது. "ஊர் பேரு எனக்குத் தெரியும். ஆனா யார் கேட்டாலும் சொல்லாதன்னு சொன்னான்." புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "யாருன்னா... உங்களைத்தான் சொன்னான்" என்றாள்.

"சரிம்மா. நீ சொல்ல வேணாம்" என்றார் ரெய்யோ. பன் பொட்டலத்தை மேசையில் வைத்தார். மடிக்கணினியை வயரோடு சுருட்டி எடுத்துக்கொண்டு தன் அறைக்கு வந்தார்.

வந்தவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். தன் மேசையில் வைத்துச் சொருகினார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அது முனகி எழுந்ததும், தன் கணினியில் பட்டியலைத் தட்டிப் பார்த்தார். ஏமெலியின் பெயர் வந்தது. இரண்டு மணி ஐந்து நிமிடம். இடம்: வாயிற்காப்பாளர் அறை.

எல்லாம் தெரிந்த பிறகும் அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு அழுதார். தபால் வாங்க வந்த ஒருவர் ஜன்னலைத் தட்டிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் ஓசையில்லாமல் போய்விட்டார்.

தொலைபேசி அடித்தது. தூயிரே.

"அந்த மெஷின் இப்ப உங்க அறையில காட்டுதே ரெய்யோ. பையன் இருந்தானா, சொன்னீங்களா?"

"இல்ல. அவன் ஊர்லயே இல்ல. போன செப்டம்பர்லயே போயிட்டான்."

"ஓ. ஹூட்டினென்னு போட்டிருக்கு, உங்களுக்குச் சொந்தமா?"

"என் பையன்."

தூயிரே குரலைத் தாழ்த்தினாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள்.

"வேணாம்மா" என்றார் ரெய்யோ. தொலைபேசியை வைத்துவிட்டு வயரைப் பிடுங்கினார். குட்டித் திரை இருண்டது. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கட்டளையைத் தட்டினார். பட்டியலில் பதினேழு பேர் இருந்தார்கள். ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். எல்லாம் அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகள்.