கிளட்ச் இல்லாத வண்டி

டிராக்டரின் பானட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு டெலிபோன் அக்கா அசையாமல் நிற்கிறார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் தாய் என்றுதான் தள்ளி நின்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். கிட்டப் போனால்தான் அது போலீஸ்காரர் கை என்று தெரியும்.

"சுடுதே," என்கிறார் விற்பனைக்காரரிடம். "நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டீங்களா? குளிர்ல கிளம்ப அடம் பிடிக்கிற வண்டியா இது?"

"வெயில்ல நிக்குதும்மா."

"பக்கத்து வண்டியும் வெயில்லதானே நிக்குது?"

அதன் மேலும் கை வைத்துப் பார்க்கிறார். அதுவும் சுடுகிறது. என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்துகிறார். "ரெண்டையுமே ஸ்டார்ட் பண்ணியிருக்காங்க தம்பி."

அவர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வேலை போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. யாராவது பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார். முகத்தைப் பார்த்தால் ஏமாந்து போவோமாம். "முகத்துக்குப் பவுடர் போடலாம், குரலுக்கு என்னத்தைப் போடுவான்?" என்பார். கண்ணை மூடியபடி அவர் கேட்க ஆரம்பித்ததும் வியாபாரிகளுக்கு நாக்கு குழறும். குழறியதே அவருக்குச் சாட்சியாகிவிடும்.

என் தோட்டத்தை ஒட்டினாற்போல அவருடையது. எலுமிச்சை வரிசைகள் சரிவாக இறங்கி, அடியில் ஒரு வாய்க்காலில் போய் முடியும். சின்ன இடம். பெரிய டிராக்டர் உள்ளே நுழைந்தால் கிளைகளை உடைத்துக்கொண்டுதான் வெளியே வரும். அவர்களிடம் இருந்த பழைய குட்டி டிராக்டர் போன மழையோடு உயிரை விட்டது. அதை எடுத்துப்போக வந்த பழைய இரும்புக்காரரின் தராசில் அக்கா முதலில் தானே ஏறி நின்று சோதித்தார். எடை கூடுதலாகக் காட்டியது. தராசு தப்பு என்றார். என் வீட்டு எடை மெஷினிலும் நின்று பார்த்தார். அதுவும் தப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

புது டிராக்டர் தேட ஆரம்பித்ததிலிருந்து நான்தான் அவருக்குச் சாரதி. கடைக்காரர்கள் கார் அனுப்புகிறோம் என்றார்கள். "அவங்க கார்ல ஏறிட்டா வாங்காம இறங்க முடியாது. உன் கார் ஓட்டையா இருந்தாலும் நம்ம கார்," என்று என்னைப் பிடித்துக்கொண்டார். கடையில் கொடுக்கும் டீயைத் தொடமாட்டார். எனக்கும் வாங்க விடமாட்டார். "குடிச்சிட்டா அப்புறம் கேள்வி கேக்க வாய் வராது."

அவருடைய கைப்பையில் தையல்காரரின் டேப் ஒன்று உண்டு. ஒரு சக்கரத்தின் வெளி ஓரத்திலிருந்து மறு சக்கரத்தின் வெளி ஓரம் வரை அவரே குனிந்து அளப்பார். விளம்பரத் தாளில் அச்சடித்த அகலத்தை நம்புவதில்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் கிளி பொம்மைக் காந்தம் ஒன்றும் பையில் இருக்கும். மட்கார்டில் அதை ஒட்ட வைப்பார். கிளி ஒட்டிக்கொண்டால் தகரம், விழுந்தால் பிளாஸ்டிக். ஒரு கடையில் கிளி விழுந்து மூக்கு உடைந்தது. அன்றோடு அந்தக் கம்பெனி முடிந்தது.

இத்தனைக்கும் நான் பார்த்தவரை அவருடைய சந்தேகங்களில் பாதிக்கு மேல் பொய்த்துத்தான் போகும். புது வண்டி என்று பழையதைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று ஒரு கடையில் சண்டை பிடித்தார். டயரில் மண் இருந்தது காரணம். கடைக்கு எதிரே சாலை தோண்டிப் போட்டிருந்ததை நான் காட்டினேன். "அந்தப் பள்ளமே அதுக்காகத்தான் வெட்டினாங்களோ என்னவோ," என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார் என்றுதான் நினைத்தேன். இல்லை.

இந்தச் சுற்றலில் எங்களோடு மூன்றாவது ஆளாக வந்தவர் அத்தான், அவருடைய கணவர். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பேச்சு குறைவு. காரின் பின் சீட்டில் உட்கார்ந்து என் ஓட்டுதலைக் கவனிப்பார்; நான் கியர் மாற்றும்போது மட்டும் அவர் தொண்டையிலிருந்து மெல்லிய ஒரு செருமல் வரும். கிளட்ச் இல்லாத கார்கள் வந்த காலத்தில், "கிளட்ச் இல்லாதது வண்டியா? அது ராட்டினம்," என்று அவர் சொன்னது எங்கள் தெருவில் வெகுநாள் வேடிக்கையாக ஓடியது.

கடைசியில் இரண்டு வண்டிகள் தேறின. இரண்டும் ஒரே கடையில். அங்கே இருந்த விற்பனைக்காரர் எதைக் கேட்டாலும் சிரிப்பார். அக்கா அவருக்குச் 'சிரிப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார். ஒன்று, கிளட்ச்சும் கியரும் வைத்த வழக்கமான வண்டி. இன்னொன்றில் கியர் மாற்றும் வேலையே இல்லை. வலது காலால் பெடலை மிதித்தால் போகும், காலை எடுத்தால் நிற்கும். விலையும் அதற்குத் தகுந்தாற்போல ஏறித்தான் இருந்தது.

அத்தான் அந்த இரண்டாவது வண்டியைச் சுற்றி வந்தார். இருக்கையைத் தட்டிப் பார்த்தார். "இதையே எடுத்துடலாமே," என்றார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "என்ன சொன்னீங்க?"

"இதை எடுத்துடலாம்னேன். சுலபமா இருக்கும்."

"யாருக்குச் சுலபம்?"

"யாருக்கும்தான்."

அன்று திரும்பும்போது பெட்ரோல் போட வண்டியை நிறுத்தினேன். அத்தான் இறங்கிக் காற்றாட நின்றார். அக்கா முன்னால் சாய்ந்து என் காதருகே சொன்னார்: "கேட்டியா தம்பி? ராட்டினம்னு சொன்ன மனுஷன். இப்ப அதைத்தான் வாங்கணும்கிறார். அதுவும் காசு கூடக் குடுத்து. இதுல ஏதோ இருக்கு."

"வயசாகுதுல்லக்கா, சுலபமா இருக்கட்டும்னு நெனச்சிருப்பாரு."

"அதில்ல. அந்தச் சிரிப்புக்கு இவர் தனியா போன் பண்றார். நான் அடுப்படியில இருந்தா கொல்லைப்பக்கம் போய்ப் பேசறார். நேத்து என் காதுல விழுந்துச்சு. 'அவகிட்ட சொல்ல வேணாம்'கிறார். முப்பத்தஞ்சு வருஷத்துல இப்படி ஒரு குரல் நான் கேட்டதில்ல."

எனக்கும் சுருக்கென்றது. அத்தானை அப்படி நினைக்க முடியவில்லை. ஆனால் நினைக்காமலும் இருக்க முடியவில்லை. விற்பனைக்காரர் ஏதாவது ஆசை காட்டியிருப்பாரோ? கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அத்தான் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் காருக்குள் ஏறினார். ஏறி உட்கார்ந்ததும் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் எங்கள் மேல் ஏதோ சந்தேகம் வந்துவிட்டது. வீடு வரும்வரை நான் கியர் மாற்றியபோது செருமல்கூட வரவில்லை.

மறுநாளே அக்கா கடைக்குப் போன் போட்டார். இரண்டு வண்டியும் தன் தோட்டத்துக்கு வர வேண்டும், சரிவில் ஓட்டிக் காட்ட வேண்டும், ஓட்டப் போவது தன் வீட்டுக்காரர். "உங்க சிமெண்ட் தரையில எந்த வண்டிதான் ஓடாது?" என்று கேட்டு வைத்துவிட்டார். அவர் மனதில் இருந்த கணக்கு எனக்குத் தெரியும். சாதாரண வண்டியே சரிவில் அருமையாக ஓடும். ஓடினதும் விலை கூடிய வண்டிக்கு என்ன அவசியம் என்று இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்டுவிடுவது.

லாரியிலிருந்து வண்டிகள் இறங்கின. சிரிப்பு சிரித்துக்கொண்டே இறங்கினார். அத்தானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றதை அக்கா பார்த்துக்கொண்டே நின்றார்.

"முதல்ல கிளட்ச் வண்டி," என்றார் அக்கா.

"அதை வேணா நான் ஓட்டிக் காட்டட்டுமாம்மா?" என்றார் சிரிப்பு, அவசரமாக.

"ஏன், அவர் ஓட்டினா என்ன ஆகும்?"

சிரிப்பு சிரித்து வைத்தார். அத்தான் வண்டியில் ஏறினார்.

மேட்டில் அழகாக ஏறியது வண்டி. பஸ் ஓட்டிய கை. ஒரு கிளையில்கூடப் படவில்லை. மேலே திருப்பி அடுத்த வரிசையில் இறக்கினார். வாய்க்கால் ஓரம் வந்து நிறுத்த வேண்டிய இடத்தில்தான் அதைக் கண்டோம். அவருடைய இடது கை ஸ்டீயரிங்கை விட்டது. தொடைப்பக்கம் பேண்ட்டைக் கொத்தாகப் பிடித்து, தன் இடது காலைத் தானே தூக்கி, கிளட்ச் மேல் வைத்தது. கால் பெடலில் நிற்காமல் வழுக்கியது. பிரேக்கை மட்டும் மிதித்ததில் வண்டி திமிறிக்கொண்டு கரையில் முட்டி ஏறி, குலுங்கி, இருமி அணைந்தது. முன் சக்கரம் ஒன்று வாய்க்காலுக்கு மேல் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

நாங்கள் மூவரும் ஓடினோம். எல்லாருக்கும் முன்னால் அக்கா ஓடினார்.

அத்தானுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் பஸ்ஸில் வழி தவறி ஏறிவிட்ட ஆள் முகம் போல இருந்தது.

"பிரேக் பிடிக்கல," என்றார்.

சிரிப்பின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை. அத்தானின் குரலில் இருந்த பொய் எனக்கே கேட்டது. அக்காவுக்குக் கேட்காமலா இருக்கும்? அவர் வண்டியின் பெடலைப் பார்த்தார். கணவரின் இடது காலைப் பார்த்தார். அந்தக் கால் பெடல் பக்கத்தில், யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருள் மாதிரிக் கிடந்தது. கண்ணை அவர் மூடவில்லை.

பிறகு சிரிப்பின் பக்கம் திரும்பினார். "என்ன வண்டி கொண்டாந்திருக்கீங்க? பிரேக் பிடிக்கலைங்கிறார்."

"அம்மா, காலையிலதான் பிரேக்கெல்லாம் செக் பண்ணி..."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர் சொல்றார், பிடிக்கலைன்னு. நீங்க பிடிக்குதுங்கிறீங்களா?"

சிரிப்பு என்னைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். "இல்லம்மா. இருக்கலாம். கொஞ்சம் பிரேக்ல கோளாறு இருக்கலாம்," என்றார். நல்ல மனிதர். அக்கா அவரைப் பற்றி நினைத்தது எதுவும் சரியில்லை என்று அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துபோனது.

வண்டியைக் கயிறு கட்டி இழுக்க ஆள் வரும்வரை அத்தான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அக்கா என்னைத் தனியே வரப்புக்கு இழுத்துப் போனார். "உனக்கும் தெரியுமா?"

"சத்தியமா தெரியாதுக்கா."

என் முகத்தையே பார்த்தார். அவர் யாரையும் இப்படிக் கண் திறந்து பார்த்து நான் கண்டதில்லை. சந்தேகம்தான், ஆனால் அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. பயம்.

"ஆறு மாசமா இவர் கட்டில்ல இடது பக்கமா இறங்கறதில்ல தம்பி. ராத்திரியெல்லாம் புரள்றார். மெத்தை சரியில்லைன்னு நெனச்சு அந்த மெத்தைக் கடைக்காரன்கிட்டப் போய் நான் சண்டை போட்டுட்டு வந்தேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "பாவம், அவன் மெத்தையை மாத்திக் குடுத்துட்டான்."

திரும்பி வந்தபோது பழைய அக்காவாகவே வந்தார். "இந்தாங்க, எனக்கு அந்தக் கிளட்ச் இல்லாததுதான் வேணும்," என்றார் சிரிப்பிடம், எல்லாருக்கும் கேட்கும்படி. "எனக்கும் ஓட்டணும்னு ஆசை. எனக்கு முட்டி வலி, கிளட்ச்செல்லாம் மிதிக்க முடியாது. இவர் வேணாம்னுதான் சொல்லுவார். நான் கேக்கப் போறதில்ல."

தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் விடுவிடுவென்று ஏறி இறங்குகிற பெண்மணி அவர். அத்தான் தலை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், "ம்... உனக்கு முட்டி வலின்னா சரி," என்றார்.

மறு வாரம் அவர்களை டாக்டரிடம் கூட்டிப்போனதும் என் ஓட்டைக் கார்தான். இடுப்பில் நரம்பு நசுங்கி, காலுக்கு வலு போகிறதாம். வருஷக்கணக்காக ஒரே காலால் கிளட்ச்சை மிதித்ததும் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். பயிற்சி செய்தால் ஓரளவு திரும்பும், முழுக்கத் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "இந்த டாக்டர் எதையோ மறைக்கிறார். இன்னொரு டாக்டர்கிட்டப் போவோம்," என்றார். போனோம். அவரும் அதையேதான் சொன்னார். "ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சவங்களா இருக்கும்," என்றார் அக்கா. ஆனால் பயிற்சியை மட்டும் காலையும் மாலையும் பக்கத்தில் நின்று செய்ய வைக்கிறார். அத்தான் எண்ணிக்கையில் ஏமாற்றுவதாகவும் என்னிடம் புகார் உண்டு.

புது வண்டி வந்து இறங்கிய அன்று நானும் போயிருந்தேன். கடையில் பார்த்த வண்டியைக் காட்டி வேறு வண்டியை அனுப்பிவிட்டார்கள் என்று அக்கா ஆரம்பித்துவிட்டார். சிரிப்பு இன்ஜின் நம்பரைக் காட்டினார். "நம்பரை யார் வேணா வெட்டலாம். இந்தக் கீறல் அன்னிக்கு இல்லையே?" கீறல் இல்லை, தூசி, துடைத்ததும் போய்விட்டது. "துடைக்கிறதுக்குன்னே தூசி போட்டு அனுப்பியிருக்கீங்க."

அத்தான் வண்டியின் இடப்பக்கம் வந்து, படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏறவில்லை. அக்கா சிரிப்போடு வாதாடிக்கொண்டே, அத்தான் பக்கம் திரும்பாமலே, நாலடி நகர்ந்து அந்தப் படியின் பக்கத்தில் போய் நின்றார். முன் சக்கரத்தில் ஏதோ பார்ப்பவர் போல லேசாகக் குனிந்தார். "இந்த டயர்ல காத்து யார் அடிச்சது? இவ்வளவுதான் அடிப்பீங்களா?" என்று கேட்டார். அவருடைய தோளில் அத்தானின் கை வந்து அழுந்தியது. முழு பாரமும் அதில் இறங்கியது. குரல் கொஞ்சமும் பிசகாமல் அக்கா டயரைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார், அத்தான் ஏறி இருக்கையில் உட்காரும்வரை.