மெனு காணாமல் போன நாள்

பதினோரு வருடம் வீட்டோடு இருந்துவிட்டு நாற்பத்தொரு வயதில் வேலை தேடிக் கிளம்பியவளை யார் நம்புவார்கள்? இணையதளங்கள் செய்து தரும் ஒரு சின்ன அலுவலகத்தின் முதலாளியம்மா நம்பினாள், மூன்று மாதத்துக்கு மட்டும். "வேலை பிடிபட்டா இருங்க, இல்லேன்னா தப்பா நெனைக்காதீங்க" என்று முதல் நாளே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள். கணவரோ முதுகுவலியோடு அரை வருடமாகப் படுக்கையில். அந்த மூன்று மாதம் முடிய இரண்டே நாள் இருந்தபோதுதான் இவள் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

ஒரு மருத்துவமனையின் தளம். நாற்பது பக்கங்களும் ஒரே ஃபோல்டரில் குவிந்து கிடந்தன. அடுக்களை டப்பாக்களையே உயர வரிசையில் அடுக்குகிறவளுக்குக் கண்ணை உறுத்தாதா? டாக்டர்கள் பற்றிய பக்கங்களை அள்ளி, உள்ளே தனி ஃபோல்டரில் வைத்தாள். எல்லாப் பக்கங்களும் தலைப்பகுதியை ஒரு பொது ஃபைலிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தத் தலைப்பகுதி, மெனுவை இன்னொரு ஃபைலிலிருந்து எடுக்கும். அவசரத்துக்கு அழைக்கும் போன் நம்பர் மெனுவில்தான் இருந்தது. இடம் மாறிய டாக்டர் பக்கங்களில் தலைப்பகுதிக்கான பாதையை மாற்றிக் கொடுத்தாள்; தலைப்பகுதி வந்தது, மெனு வரவில்லை.

தலைப்பகுதி ஃபைலைத் திறந்து, மெனுவுக்கான பாதையில் 'ஒரு படி மேலே போ' என்பதற்கான இரண்டு புள்ளிகளைச் சேர்த்தாள். டாக்டர் பக்கங்கள் சரியாயின, முகப்புப் பக்கத்தில் மெனு மாயம். புள்ளிகளை எடுத்தாள். முகப்பு வந்தது, டாக்டர் பக்கங்கள் போயின. மெனு ஃபைல் என்னவோ இருந்த இடத்தில்தான் இருந்தது, இவளுக்குத்தான் தலை சுற்றியது. அடுத்த அறையில் முதலாளியம்மா போனில் "இதோ பாக்கறோம் சார்" என்று மருத்துவமனைக்காரரிடம் கெஞ்சுவது கேட்டது.

எதிர் மேசைக்காரன் இவளைவிடப் பத்து வயது சின்னவன். மூன்று மாதத்தில் மூன்று வார்த்தை பேசியிருந்தால் அதிகம். மனசுக்குள் அவனுக்கு உம்மணாமூஞ்சி என்று பெயரே வைத்திருந்தாள். அவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"அக்கா, தலைப்பு ஃபைல் இருக்கற எடத்துலேர்ந்து நீங்க வழி பாக்கறீங்க. அது அப்படிப் பாக்காது. எந்தப் பக்கத்தத் தெறந்தாங்களோ, அங்கேர்ந்துதான் பாக்கும்."

"அப்ப முகப்புக்கு ஒரு வழி, டாக்டர் பக்கத்துக்கு வேற வழியா?"

"அதேதான். 'இந்த ஃபைல் இருக்கற எடத்துலேர்ந்தே பாரு'ன்னு பாதைக்கு முன்னாடி சேத்துட்டா, யாரு எங்கேர்ந்து கூப்பிட்டாலும் கொழப்பமில்ல."

ஒரே வரி. அதையும் இவளையே அடிக்கவிட்டான். எல்லாப் பக்கங்களிலும் மெனு வந்து நின்றது.

முதலாளியம்மா வெளியே வந்தாள். "யாரு சரி பண்ணது?"

"அக்காதான்" என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கெடுத்ததும் நான்தாங்க. சொல்லிக் கொடுத்தது இவரு" என்று இவள் உளறிக் கொட்டினாள். முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒத்துக்கறீங்களே, அது போதும். அடுத்த மாசமும் வாங்க."

மத்தியானம் சாப்பிடும்போது இவள் கேட்டாள். "ஏன் தம்பி, இத்தன நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தீங்க, இன்னிக்கு மட்டும் எப்படி?"

"மொத வேலைல நானும் இதே தப்பப் பண்ணேன்கா. பக்கத்துல இருந்தவருக்கு விடை தெரியும். பாத்துக்கிட்டே இருந்தாரு. அன்னிக்குச் சாயங்காலமே என்னைப் போகச் சொல்லிட்டாங்க."

நன்றி என்று இவள் ஒரு சொல் சொன்னாள், அது போதவில்லை என்று இவளுக்கே தெரிந்தது. ஆறு வருடமாகிறது. வீட்டில் உலை கொதிக்கிறதென்றால் அவன் புண்ணியம் என்று கணவரிடம் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். அலுவலகத்தில் யாராவது ஒரே பக்கத்தை நாலாவது தடவை திறந்து பார்த்தால், தன் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறாள்.