நாலு நாள் டேப், அஞ்சு நாள் மௌனம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுப் பாத்ரூமிலிருந்து நான் போட்ட சத்தம் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கிறது. பாம்பு கீம்பு வந்துவிட்டதோ என்று இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்களாம். பாம்பெல்லாம் இல்லை... டேப்!

விளையாட்டு வீரர்கள் உடம்பில் பார்த்திருப்பீர்களே, கலர் கலராக ஒட்டியிருக்கும் துணிப்பட்டை, அதேதான். தோள்பட்டை பிடித்துக்கொண்டதற்காகப் பெரம்பலூரில் ஒரு பிசியோதெரபி டாக்டரம்மா ஒட்டிவிட்டார். நீலக் கலரில் இரண்டு பட்டை, தோளிலிருந்து நடுமுதுகு வரை.

"நாலு நாள் கழிச்சு எடுத்துடுங்க சார். வெடுக்குனு இழுத்துடாதீங்க, தோல் உரிஞ்சிடும். ஒங்களுக்குக் கை எட்டாது, வீட்ல மேடத்த எடுத்துவிடச் சொல்லுங்க" என்றார்.

அங்கேதான் சிக்கல். டேப்பை எடுக்க வேண்டிய அன்று, மேடம் என்னோடு பேசுவதை நிறுத்தி ஐந்து நாள் ஆகியிருந்தது.

மேடம் என்றால் என் மனைவி சுமதி. நாற்பத்தாறு வயதில் ஸ்கூட்டர் கற்றுக்கொண்டவள். தா.பழூரிலிருந்து வந்திருந்த தன் அண்ணனுக்கு ஓட்டிக் காட்ட ஆசைப்பட்டு வண்டியை வெளியே எடுத்தாள். கேட்டருகே லேசாக ஆடியது. நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"மச்சான், இவ வண்டி எடுத்தா சிமெண்ட் லாரிக்காரனே பயந்து ஓரங்கட்டிடுவான்!" என்றேன். மச்சானும் தெருவில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு இன்னும் குஷி. "விடு விடு, ஒனக்கெதுக்கு இதெல்லாம்" என்று அவள் கையிலிருந்து வண்டியைப் பிடுங்கினேன். தோளில் சுளீர்!

சுமதியும் சிரித்தாள். அண்ணன் கிளம்பிய பிறகு சாவியைக் காலண்டர் ஆணியில் மாட்டினாள். அவ்வளவுதான்.

புருஷன் பெண்டாட்டி பேசாத வீட்டில் பேச்சே இருக்காது என்று நினைக்காதீர்கள். இருக்கும், சுவரோடு. "சோறு எடுத்து வச்சிருக்கு" என்பாள் சுவரிடம். "பசிக்கல" என்பேன் நான் காலண்டரிடம். இந்த லட்சணத்தில் டேப்பை எடுத்துவிடு என்று யாரிடம் போய்ச் சொல்வது? நானே எடுத்துக்கொள்கிறேன் என்று வீறாப்பாகப் பாத்ரூமுக்குள் போனேன். தோளருகே கைக்கு எட்டிய முனையைப் பிடித்து ஒரே இழு. டேப் ஒரு விரற்கடைகூட வரவில்லை. மிச்சக் கதைதான் டீக்கடைக்கே தெரியுமே.

வெளியே வந்தால் கூடத்தில் பாய் விரித்திருந்தது. பக்கத்தில் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய்.

"குப்புறப் படுத்தா எண்ணெ வைக்கலாம்" என்றாள் சுவரிடம்.

படுத்தேன். டேப் மேலும் ஓரங்களிலும் வெதுவெதுப்பாக எண்ணெயைத் தடவினாள். "கா மணி நேரம் ஊறணும்." இது ஃபேனுக்கு.

ஊறட்டும். வெளியே வானம் மூடிக்கொண்டு வந்தது. ஃபேன் மெதுவாகச் சுற்றியது. எங்கோ சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போய்க்கொண்டே... போய்க்கொண்டே இருந்தது. கண் செருகியது. கல்யாணமான புதிதில் திருமழபாடியில் சாமி கும்பிட்டுவிட்டுக் கொள்ளிட மணலில் உட்கார்ந்திருந்தோமே, அந்த மணல் வயிற்றுக்கடியில் சூடாக இருந்தது. பாயா, மணலா? தண்ணீர் வந்து காலைத் தொட்டமாதிரி இருந்தது. பக்கத்தில் சுமதி பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. ஆனாலும் அப்படியொரு நிம்மதி.

கண் விழித்தபோது ஒரு பட்டை பாதி வந்திருந்தது. எனக்குத் தெரியவேயில்லை! இடது கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முடி படியும் பக்கமாகவே, டேப்பை மடக்கி மடக்கி, நகக்கண் அளவு நகக்கண் அளவாக எடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாகூட இவ்வளவு விவரம் சொல்லவில்லையே?

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டதாம்?" காலண்டரைக் கேட்டேன்.

"போன்ல வீடியோ பாத்தது. மூணு தடவ." சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

பேசாமல் இருந்த ஐந்து நாளில் மூன்று தடவை!

இரண்டாவது பட்டையும் வந்தது. கடைசி முனையில் கை நின்றது.

"வலிக்குதாங்க?"

சுவருக்கில்லை. எனக்கு!

"இல்ல..."

"முழுசையும் வெடுக்குனு இழுத்திருந்தா?"

"தோலு கையோட வந்திருக்கும்."

"அன்னைக்கு எங்கண்ணன் முன்னாடி வண்டிய அப்படித்தான புடுங்குனீங்க."

குப்புறப் படுத்திருந்தது நல்லதாகப் போயிற்று. "தப்புதான்" என்று முனகினேன்.

"பாய்கிட்ட சொல்லாதீங்க. என்னப் பாத்துச் சொல்லுங்க."

எழுந்து உட்கார்ந்தேன். "தப்புதான் சுமதி. ஒன்ன நாலு பேரு முன்னாடி கேலி பண்ணியிருக்கக் கூடாது" என்றேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், இதில் என்ன வெட்கம்?

செவ்வாய்க்கிழமை மறுபடி டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆணியிலிருந்த சாவியை எடுத்து நானே அவள் கையில் கொடுத்தேன். பெரம்பலூர் பஸ்ஸைப் பிடிக்க அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள்தான் ஓட்டினாள். நான் பின்னால்.

வழியில் ஒரு ஸ்பீட் பிரேக்கர். தோள்பட்டை மறுபடியும் சுளீர் என்றது... வாயைத் திறப்பேனா நான்?