அவள் பக்கத்துச் சூடு

ஊருக்குள் அவருக்கு 'ஒருதரம்' என்று பெயர். கார் மெக்கானிக். எந்த வேலையையும் ஒருதரம்தான் செய்வார். திரும்பிப் பார்க்க மாட்டார். "எதுக்கும் இன்னொரு தடவை பாருங்களேன்" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு, சாவியை விட்டெறிவார். வேலை சுத்தம், வாய்தான் அப்பப்பா!

ஊரார் கார்களை எல்லாம் பார்த்தவர், தன் ஐம்பது வயதுக் காரின் ஹீட்டரை மட்டும் "அப்புறம் பார்ப்போம்" என்றே பதினோரு குளிர்காலம் ஓட்டிவிட்டார். அப்போதுதான் மனைவிக்குப் புற்றுநோய் வந்தது. வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் போய் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். நான்காவது முறை போய்வந்தவள் படுக்கையில் சுருண்டுகொண்டு சொன்னாள்.

"இனிமே நான் வரலைங்க. கார்ல இந்தக் குளிரை என்னால தாங்க முடியலை."

அவள் அப்படிச் சொன்னால் சொன்னதுதான். இன்னும் எட்டு முறை பாக்கி.

மறுநாளே டாஷ்போர்டைப் பிரித்தார். இரண்டு பக்கத்துச் சூட்டுக்கதவுகளையும் திறந்து மூடும் கம்பிகள், உறைக்குள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தவற்றை, உருவிப் போட்டு, புதுக் கம்பி வெட்டி, நுனி வளைத்து, கிரீஸ் தடவினார். அவற்றை இழுக்கும் லிவர் பலகையைக் கழற்றி, மேஜைமேல் கவிழ்த்து வைத்தே எல்லாவற்றையும் மாட்டினார். நாலு நாள் வேலை. ஓட்டிப் பார்த்தார், தன் கால் பக்கம் குபுகுபுவென்று சூடு. "இப்ப வருவியா?" என்றார். அவள் கிளம்பினாள்.

வழியெல்லாம் ஒரே கேள்வி. "சூடு வருதா?"

"வருதுங்க. கதகதன்னு இருக்கு."

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவள் செருப்பு கழன்றது. மாட்டிவிடக் குனிந்தவர் அவள் பாதத்தைப் பிடித்தார். ஜில்லென்றிருந்தது. அவள் பக்கத்துச் சூட்டுக்கதவில் கையை வைத்தார். இறுக மூடியிருந்தது. கவிழ்ந்திருந்த பலகையில், அவள் பக்கத்துக் கம்பியை லிவரின் எதிர் முனையில் மாட்டியிருக்கிறார். திறக்கத் தள்ளினால் மூடிக்கொள்கிறது!

"ஏன்மா சொல்லலை?"

அவள் தரையைப் பார்த்தாள். "இத்தனை வருஷத்துல உங்க வேலையைக் குறை சொல்லிட்டு யாரு நிம்மதியா இருந்திருக்கா?"

வழியெல்லாம் அவள் தாங்கிய குளிர் தன் கோபத்துக்குப் பயந்து தாங்கியது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மருந்து ஏறி முடிவதற்குள் கம்பியை மாற்றி மாட்டினார். திரும்பும் வழியில் அவள் தயங்கித் தயங்கி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கணுக்கால்ல படுது. விரல்ல படலைங்க."

வண்டியை ஓரங்கட்டி, மண்டி போட்டு, கம்பியைப் பிடித்திருந்த கிளிப்பைத் தளர்த்தி முடுக்கினார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"சொல்லு. தயங்காம சொல்லு."

வீடு வருவதற்குள் நான்கு இடத்தில் நிறுத்தினார். நான்காவது தடவை அவள் விரல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டாள்.